ஐந்து கணினிகளில் ஒரு கொட்டாரம்: தமிழ் டெர்மினல் விளையாட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊர்ப் படிப்பகத்தில், கோடை விடுமுறையில் நடந்த வேலை இது. பதினொன்றாம் வகுப்பை முடித்து பிளஸ் டூவுக்குப் போகவிருந்த இரண்டு மாணவிகளும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு எழுதிப் பார்க்க வேண்டும் என்று வந்தார்கள். நம் பாடத்திட்டத்தில் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான் நிரல்மொழி. புதுப் புத்தகம் நடத்தத் தொடங்கும் முன்பே பைதானைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. நான் வீட்டிலிருந்து மென்பொருள் வேலை பார்ப்பவன். சாயங்காலங்களில் அவர்களோடு உட்கார்ந்தேன். இதில் வருகிறவர்களின் பெயர்களைத் தரவில்லை.

படமும் ஒலியும் வேண்டாம், எழுத்து மட்டுமே ஓடும் டெர்மினல் திரை போதும் என்று தொடக்கத்திலேயே முடிவானது. இருக்கிற நேரத்தில் கதையையும் விதிகளையும் எழுதி முடிக்க அதுவே வழி. இந்த வகை விளையாட்டுக்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் கிரவ்தர் எழுதிய 'அட்வென்ச்சர்', அவர் தாமே இறங்கி அறிந்திருந்த கென்டக்கி குகை ஒன்றை வைத்து உருவானது. 1977இல் டான் உட்ஸ் அதைப் பெரிதாக்கினார். காலால் நடந்த இடத்தையே எழுதலாம் என்று அதைப் படித்ததும் மாணவர்களுக்குத் தோன்றியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு தடவையாவது போயிருக்கும் இடம் பத்மநாபபுரம் கொட்டாரம். நம் மாவட்டத்தில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கும் பழைய திருவிதாங்கூர் அரண்மனை. குதிரை விளக்கு தொங்கும் பூமுகம், மந்திரசாலை, மணிமாளிகை, இரண்டாயிரம் பேருக்குச் சோறு போட்ட ஊட்டுப்புரை, பழமையான தாய்க் கொட்டாரம், கரும்பளிங்கு போல மின்னும் தரையுள்ள நவராத்திரி மண்டபம். அறைக்கு அறை வாசல். எழுத்து விளையாட்டுக்கு இதைவிட நல்ல வரைபடம் அமையாது.

கதை எளிது. மணிமாளிகைக் கடிகாரம் நின்றுவிட்டது; அதற்குச் சாவி கொடுக்கும் திருகு எங்கோ ஓர் அறையில் கிடக்கிறது; ஆட்டக்காரர் தேடி எடுத்து வர வேண்டும்.

அவர்களே வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான்: நாலு பேர் வீட்டிலும் ஓட வேண்டும், தமிழில் இருக்க வேண்டும். பிற்பாடு வந்த சிக்கல்கள் அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருந்தன.

கையில் இருந்த கணினிகள்

ஒரு மாணவியிடம் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. விண்டோஸும், இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இரண்டுமே அதில் உண்டு. விண்டோஸ் பக்கம் மிகவும் மெதுவாகிவிட்டதால் அவள் லினக்ஸில்தான் வேலை செய்தாள். அதிலிருந்த பைதான் 3.6க்கு முந்தையது. இன்னொரு மாணவன் அழகியமண்டபத்தில் மாமாவின் ஜெராக்ஸ் கடைக் கணினியைப் பயன்படுத்தினான். அது இன்னும் விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. பைதானும் 3.8க்கு மேல் அதில் ஏறாது. மூன்றாமவளிடம் விண்டோஸ் 11 மடிக்கணினி. நான்காமவன் வீட்டில், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்தப்பாவின் மேக்புக்.

அப்புறம் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்துகொண்டது. அந்த நான்காமவனின் சித்தி மகன் பாறசாலையில் படிக்கிறான். கேரளப் பள்ளிகளில் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளம் சொல்லித்தருகிறார்கள். அவன் வீட்டுக் கணினியிலும் அதுவே. எல்லையைத் தாண்டினால் இயங்குதளமே மாறிவிடுகிறது என்பது எங்களுக்கு நல்ல சோதனைக் களமாக அமைந்தது.

கர்சஸ் என்ற நிரல் நூலகத்தைப் பயன்படுத்தலாமா என்று முதலில் பேசினோம். யூனிக்ஸ் உலகில் டெர்மினல் திரையை ஆள்வதற்கென்றே வந்த பழைய நூலகம் அது. லினக்ஸிலும் மேக்கிலும் பைதானோடு சேர்ந்தே கிடைக்கும். விண்டோஸ் பைதானில் அது இல்லை. தனியாக ஒரு தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் மாமாவைக் கேட்காமல் எதையும் நிறுவக் கூடாது என்பதால் அந்த எண்ணம் அங்கேயே நின்றது. பைதானை நிறுவினாலே போதும், அதற்கு மேல் ஒன்றும் கேட்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம்.

முதல் வடிவம்

முதல் வடிவம் விண்டோஸ் 11 கணினியில் எழுதப்பட்டது. அழகாகவே இருந்தது. ஒவ்வொரு அறைக்கும் திரை துடைக்கப்பட்டு, அறையின் பெயர் ஒரு சட்டத்துக்குள் வந்தது. அம்புக்குறி விசையை அழுத்தினால் அடுத்த அறை. பொருள்களின் பெயர் மஞ்சள் நிறத்தில். அறை விவரங்கள் தனிக் கோப்பில் இல்லாமல் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன.

பென்டிரைவில் போட்டு மற்றக் கணினிகளுக்குக் கொண்டுபோனபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் நின்றது.

பாஸ் லினக்ஸில் நிரல் தொடங்கவே இல்லை. வாக்கியத்துக்கு நடுவே மதிப்பைப் பொருத்தி எழுதும் பைதானின் எஃப்-ஸ்ட்ரிங் முறை 3.6இல்தான் வந்தது, பழைய பைதானுக்கு அது இலக்கணப் பிழை. அதை மாற்றியதும், திரையைத் துடைக்கும் கட்டளை இல்லை என்ற செய்தி வந்து விழுந்தது. விண்டோஸில் அதற்கு ஒரு பெயர், மற்ற இரண்டிலும் வேறு பெயர். விண்டோஸ் 7 கணினியில் மஞ்சள் நிறம் வரவில்லை. நிறத்துக்காக அனுப்பிய குறியீடுகளே திரையில் வந்தன: இடப்பக்க அம்பு, சதுர அடைப்பு, ஓர் எண், ஓர் ஆங்கில எழுத்து. அந்தக் குறியீடுகளைப் புரிந்துகொள்ளும் திறன் விண்டோஸின் டெர்மினலான கன்சோலுக்கு விண்டோஸ் 10 காலத்தில்தான் வந்தது. தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

கோப்புப் பெயர் பிரச்சினை சின்னது, ஆனால் எல்லோருக்கும் வரும். சேமித்த ஆட்டத்தின் கோப்பை ஓரிடத்தில் பெரிய எழுத்தில் தொடங்கியும் இன்னோரிடத்தில் சின்ன எழுத்திலும் எழுதியிருந்தார்கள். விண்டோஸும் மேக்கும் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுத்துக்கொள்ளாது. எல்லாக் கோப்புப் பெயரும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் என்ற விதியோடு அது தீர்ந்தது.

அம்புக்குறியைக் கைவிட்டது

எண்டர் அழுத்தாமல் ஒரே விசையில் நகர்வது ஆட்டத்துக்கு வேகம் தந்தது; அதை விட மாணவர்களுக்கு மனமில்லை. எனவே ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி வழி எழுதிப் பார்த்தோம். விண்டோஸில் அதற்கென்று ஒரு தொகுதி இருக்கிறது. அம்புக்குறியை அழுத்தினால் அது இரண்டு எண்களாக வரும், முதல் எண் பெரும்பாலும் 224. லினக்ஸிலும் மேக்கிலும் டெர்மினலையே வேறு நிலைக்கு மாற்ற வேண்டும். அங்கே அதே அம்புக்குறி எஸ்கேப்பில் தொடங்கும் மூன்று குறிகளாக வரும். எழுதக்கூடியதுதான், எழுதியும் முடித்தார்கள்.

நிரல் பாதியில் பிழையாகி நின்றபோதுதான் உண்மையான தொல்லை தெரிந்தது. அரசு மடிக்கணினி வைத்திருந்த மாணவி போன் செய்தாள்: "அண்ணே, லேப்டாப் போயிட்டு. என்ன அடிச்சாலும் ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது." கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடிக்கும் எழுத்தைத் திரையில் காட்டாத நிலைக்கு நிரல் டெர்மினலை மாற்றியிருந்தது. பழைய நிலைக்குத் திருப்பும் முன் செத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ரீசெட் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து எண்டர் தட்டு என்றேன். திரை திரும்பி வந்தது.

நிரல் எப்படி முடிந்தாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும்படி எழுதலாம். அதற்கான வசதி பைதானில் இருக்கிறது. ஆனாலும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நான் சொன்னேன். இந்த விளையாட்டைப் படிப்பகத்துச் சின்னப் பிள்ளைகளும் ஆடப்போகிறார்கள். வீட்டுக் கணினி கெட்டுப்போனதாக ஒரு பிள்ளை அடி வாங்கும்படி ஆகக் கூடாது. கொட்டாரத்தில் நிதானமாக நடந்து தேடும் ஆட்டத்துக்கு அவ்வளவு வேகமும் தேவையில்லை. ஒரு வரியாக உள்ளீடு வாங்கும் சாதாரண வழி, அதாவது எதையாவது அடித்து எண்டர் தட்டுவது, எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரி நடக்கும். மாணவர்கள் அரை மனதோடு ஒத்துக்கொண்டார்கள்.

அதில்கூட ஒரு வேறுபாடு உண்டு. ஆட்டத்தை நடுவில் விட்டு வெளியேற லினக்ஸிலும் மேக்கிலும் கன்ட்ரோலும் டியும், விண்டோஸில் கன்ட்ரோலும் இசட்டும் அழுத்திப் பின் எண்டர். இரண்டும் பைதானுக்குள் ஒரே வகைப் பிழையாக வருவதால், அதைப் பிடித்து "சரி, பிறகு பார்ப்போம்" என்று ஒரு வரி சொல்லி முடித்தோம்.

புள்ளியில் நின்ற கோப்பு

அறைகளை நிரலிலிருந்து பிரித்துத் தனி உரைக் கோப்பில் வைப்பது அடுத்த வேலை. நிரல் எழுதாத பிள்ளைகளும் அறை எழுதலாம் என்பதற்காக. லினக்ஸிலும் மேக்கிலும் கோப்பு அப்படியே படித்தது. இரண்டு விண்டோஸ் கணினிகளிலும் பிழை. 141 என்ற பைட்டை எழுத்தாக மாற்ற முடியவில்லை என்று பைதான் சொன்னது. பழைய விண்டோஸ் 7இல் மட்டுமல்லாமல் புத்தம் புதிய விண்டோஸ் 11இலும் அதே பிழை வந்ததுதான் மாணவர்களைக் குழப்பியது.

காரணத்தைத் தேடி உட்கார்ந்தது இந்த விடுமுறையில் எனக்கு மிகவும் பிடித்த சாயங்காலம். எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு 224, 175, 141. கோப்பைத் திறக்கும்போது எந்த எழுத்துமுறை என்று சொல்லாவிட்டால், பைதான் அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்கிறது. இங்கே விற்கும் ஆங்கில விண்டோஸில் அது பெரும்பாலும் 1252 என்ற மேற்கத்திய எழுத்து அட்டவணை. அந்த அட்டவணையில் 141ஆம் இடம் காலி. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதுவது கடினம். ஆகவே எந்தத் தமிழ்க் கோப்பும் சில சொற்களுக்குள்ளேயே நின்றுவிடும். சோதிக்க, புள்ளியே இல்லாத "மணி மாளிகை" என்ற இரண்டு சொல்லை மட்டும் வைத்தார்கள். பிழை வரவில்லை, புரியாத ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்தன. அப்போதுதான் விஷயம் எல்லோருக்கும் பிடிபட்டது.

கோப்பைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதியதும் தீர்ந்தது. மிச்சம் ஒன்று இருந்தது: ஜெராக்ஸ் கடைக் கணினியின் நோட்பேட், யுடிஎஃப்-8ஆகச் சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துவிடும். அதனால் கோப்பின் முதல் அறை மட்டும் கிடைக்கவில்லை என்றது நிரல். அந்தக் குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் படிக்கும் யுடிஎஃப்-8 வகை பைதானில் உண்டு, அதற்கு மாற்றினோம்.

ஆட்டக்காரர் அடிக்கும் சொல்லிலும் இதே போல ஒன்று. "தோட்டம்" என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் அடிக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான், ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு. பைதானோடு வரும் யூனிகோடு தொகுதியில் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயல்பாடு இருக்கிறது. ஆட்டக்காரர் அடிப்பதையும் கோப்பில் இருப்பதையும் அதன் வழியே செலுத்திய பிறகே ஒப்பிட்டோம்.

சட்டம் ஏன் நேராக நிற்கவில்லை

அறைப் பெயரைச் சுற்றிப் போட்ட சட்டத்தின் வலப்பக்கக் கோடு எங்கேயும் ஒழுங்காக நிற்கவில்லை. சில அறைகளுக்கு உள்ளே, சிலவற்றுக்கு வெளியே. இந்த ஒரு கோட்டுக்காகச் செலவான நேரம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

"கொட்டாரம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நாம் எண்ணினால் ஐந்து எழுத்து. பைதான் எண்ணினால் ஒன்பது, ஏனென்றால் அது கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. "ஊட்டுப்புரை" நமக்கு ஆறு, அதற்குப் பதினொன்று. சரி, எழுத்தை நம் முறையில் எண்ணும் செயல்பாடு ஒன்று எழுதினால் தீர்ந்துவிடும் என்று மாணவர்கள் நினைத்தார்கள், எழுதியும் காட்டினார்கள். செயல்பாடு சரியாகவே எண்ணியது. கோடு மட்டும் இன்னும் கோணலாகத்தான் நின்றது.

டெர்மினல் திரை என்பது ஒரே அளவுக் கட்டங்களின் வரிசை. 1978இல் வந்த விடி100 என்ற டெர்மினல் காலத்து 80 கட்டம், 24 வரி என்ற அமைப்பு இன்றும் பல இடங்களில் அப்படியே தொடர்கிறது. எந்தக் குறிக்கு எத்தனை கட்டம் என்பதை டெர்மினல்தான் முடிவு செய்கிறது, நிரல் இல்லை. யூனிகோடு அட்டவணையில் நம் துணைக்குறிகள் இரண்டு வகையாகப் பிரிந்து கிடக்கின்றன. புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை. காலும் இகரக் குறியும் கொம்பும் இடம் பிடிக்கும் வகை. ஆக, "கி"யும் "கீ"யும் நமக்கு ஒரே அகலம்தான், ஆனால் ஒரு டெர்மினல் முதலாவதற்கு இரண்டு கட்டமும் இரண்டாவதற்கு ஒரு கட்டமும் ஒதுக்கலாம். இன்னொன்று இரண்டுக்கும் ஒன்றே கொடுக்கலாம். அதற்கு மேல் "ணை", "ஔ" போன்ற எழுத்துகள் ஒரு கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்தில் வழிகின்றன. மேக்கில் ஒரு மாதிரி, உபுண்டுவில் ஒரு மாதிரி, விண்டோஸ் 11இல் இன்னொரு மாதிரி.

ஐந்து டெர்மினலுக்கும் ஐந்து அளவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாணவன் சொன்னான். நாளைக்கு ஆறாவது கணினி வந்தால் என்ன செய்வது என்று இன்னொருத்தி கேட்டாள். கொஞ்ச நேரம் பேசிய பிறகு அவளே, "வலப்பக்கக் கோடு எதுக்கு? மேலயும் கீழயும் கோடு போட்டா போதாதா?" என்றாள். போதும். அந்த நிமிடமே சட்டம் போய், அறைப் பெயருக்கு மேலும் கீழும் சிறுகோடுகளாலான ஒரு வரி வந்தது. அகலம் எப்படி மாறினாலும் கெடாத வடிவம்.

வரியை மடிப்பதற்கும் இதே சிந்தனைதான். பைதான் எண்ணுவது உண்மையான அகலத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கும், குறையாது. எனவே 60 குறிகளில் மடி என்று சொன்னால் வரி கொஞ்சம் முன்கூட்டியே முடியுமே தவிர திரையைத் தாண்டி வழியாது. நீண்ட சொல்லை நடுவில் வெட்டும் பழக்கத்தை மட்டும் நிறுத்தி வைத்தோம். இல்லாவிட்டால் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து மறு வரியிலும் போய் விழும்.

நிறமும் திரை துடைப்பும் இதோடு போயின. திரையைத் துடைக்காததால், நடந்து வந்த வழி மேலே அப்படியே இருந்தது. மறந்துபோன பிள்ளைகள் மேலே உருட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அது எதிர்பாராமல் கிடைத்த வசதி.

தமிழ் தெரியாத திரை

விண்டோஸ் 7இன் கட்டங்களுக்கு இதில் எதுவும் மருந்தில்லை. அந்தக் கன்சோலில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் ஃபான்ட்களில் தமிழே கிடையாது. நிரல் தானாகக் கண்டுபிடித்து வேறு வழியில் போக வேண்டும் என்று மாணவர்கள் முயன்றார்கள். ஆனால் பைதான் 3.6 முதல் விண்டோஸ் கன்சோலுக்கு யூனிகோடிலேயே எழுதுகிறது. எந்தப் பிழையும் வராது. நிரலைக் கேட்டால் தமிழ் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே சொல்லும். திரையில் எழுத்தாக விழுந்ததா, கட்டமாக விழுந்ததா என்பதை அறியும் வழி அதற்கு இல்லை. பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

ஆகவே பார்க்கிறவரையே கேட்பது என்று முடிவெடுத்தோம். ஆட்டம் தொடங்கியதும் "கொட்டாரத்துக்கு வாருங்கள்" என்று தமிழில் ஒரு வரி வரும். அதற்குக் கீழே, மேலே உள்ள வரியைப் படிக்க முடிகிறதா, முடிந்தால் 1, முடியாவிட்டால் 2 என்று ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் ஒரு கேள்வி. 2 என்றால் முழு ஆட்டமும், நாம் வாட்ஸ்அப்பில் அடிக்கிற மாதிரி, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் நடக்கும்.

தமிழ் வரிகளை நிரல் வைத்து ஆங்கில எழுத்துக்கு மாற்றிப் பார்த்தபோது வந்தது படிக்கச் சிரமமாக இருந்தது. அதனால் இரண்டாவது கோப்பைக் கையாலேயே எழுதினார்கள். இரண்டு கோப்பிலும் ஒரே அறைகள், ஒரே வாசல்கள் இருக்கின்றனவா என்று சரிபார்க்க ஒரு சின்ன நிரலும் எழுதிக்கொண்டார்கள். ஒரு கோப்பில் சேர்த்த அறை மற்றொன்றில் விடுபடுவதை அது உடனே காட்டியது.

கட்டளைகளுக்கும் அதே காரணத்தால் எண்களை வைத்தோம். தமிழ் விசைப்பலகை எல்லாக் கணினியிலும் கிடையாது. ஒவ்வொரு அறையிலும் வாசல்களுக்கும் பொருள்களுக்கும் எண் இருக்கும்; தமிழில் சொல்லை அடிக்க முடிந்தவர் அடிக்கலாம், முடியாதவர் எண்ணை அடிக்கலாம்.

கையில் கொடுத்த விதம்

பைதான் இல்லாதவர்களுக்கும் கொடுக்க வேண்டுமென்று நிரலைத் தனியாக ஓடும் கோப்பாக்கும் பைஇன்ஸ்டாலர் என்ற கருவியை வைத்து ஒரே கோப்பாக்கிப் பார்த்தோம். எந்த இயங்குதளத்துக்கு வேண்டுமோ அதில் உட்கார்ந்துதான் அதை உருவாக்க முடியும். லினக்ஸில் இருந்துகொண்டு விண்டோஸுக்கு உருவாக்க முடியாது. உருவாக்கிய விண்டோஸ் கோப்பை ஜெராக்ஸ் கடையின் ஆன்டிவைரஸ் சந்தேகப்பட்டு ஒதுக்கி வைத்தது. இந்த முறையில் உருவாக்கும் கோப்புகளுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஆடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது தவறான பழக்கம் என்பது என் உறுதியான எண்ணம். எனவே அந்த வழியை விட்டுவிட்டு, நிரலும் இரண்டு உரைக் கோப்புகளும் அடங்கிய ஒரு மடிப்பகத்தையே பென்டிரைவில் கொடுத்தோம்.

மேக்புக்கில் பைதான் தயாராக இல்லை. முதல் முறை பைதான் 3ஐக் கூப்பிட்டதும், நிரலாளர் கருவிகளை இறக்கவா என்று அது கேட்டது. பெரிய பதிவிறக்கம் என்பதால் சித்தப்பா சம்மதிக்கக் கொஞ்சம் தாமதமானது. அதன் பிறகு அங்கே ஒரு சிக்கலும் வரவில்லை.

சேமித்த ஆட்டத்தை எங்கே வைப்பது என்பதற்கு ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் முறையான இடம் உண்டு. நாங்கள் பயனரின் வீட்டு மடிப்பகத்திலேயே வைத்தோம். ஆட்டத்தை அழிக்க நினைக்கும் பிள்ளை கோப்பைத் தானே தேடி எடுக்க முடிய வேண்டும் என்பதே காரணம்.

விளைவு

பதினான்கு அறைகளோடு ஆட்டம் ஐந்து கணினிகளிலும் ஓடியது. இயங்குதளம் எது என்று கேட்கும் வரி இறுதி நிரலில் ஒன்றுகூட இல்லை. இடையில் எழுதிய வடிவங்களில் அப்படிப்பட்ட கிளைகள் பல இருந்தன. விசை, நிறம், திரை துடைப்பு, சட்டம் ஆகிய நான்கையும் டெர்மினலிடம் கேட்பதை நிறுத்தியதும் அவற்றுக்கான தேவையே போய்விட்டது.

ஆங்கில எழுத்துத் தமிழ் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைவிட வேறு ஒருவருக்கு அதிகம் உதவியது. பாறசாலைப் பையனின் கணினியில் தமிழ் எழுத்து நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவன் படிப்பது மலையாளத்தில். வீட்டில் தமிழ் பேசுவான், தமிழ் எழுத்து கூட்டிப் படிக்கத்தான் வரும். அவன் 2ஐ அழுத்தி முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தான். "கொள்ளாம்", அதாவது நன்றாக இருக்கிறது என்று மலையாளத்தில் செய்தி அனுப்பினான். விளவங்கோடு பக்கத்திலிருந்து படிப்பகத்துக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள் சிலரும் அதையே தேர்ந்தெடுத்தார்கள். ஃபான்ட் இருக்கிறதா என்று நிரல் தானே கண்டுபிடித்திருந்தால் இவர்கள் எல்லோருக்கும் தமிழ் எழுத்தே வந்திருக்கும்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. பாஸ் லினக்ஸ் டெர்மினலில் எழுத்துகளுக்கு இடையே தேவையில்லாத இடைவெளி இன்னும் விழுகிறது. படிக்கலாம், ஆனால் அழகாக இல்லை. அம்புக்குறி போனதில் ஒரு மாணவனுக்கு வருத்தம் தீரவில்லை. தன் கணினிக்கு மட்டும் அந்த வடிவத்தைத் தனியாக வைத்திருக்கிறான். அதைத் தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இருப்பதிலேயே புதிய கணினியில் தொடங்கியதால் பலவற்றைக் கட்டிய பிறகு இடிக்க வேண்டியிருந்தது. அடுத்த குழு ஜெராக்ஸ் கடைக் கணினியிலும் பாஸ் லினக்ஸிலும் தொடங்கும். அங்கே ஓடினால் மற்ற இடங்களில் ஓடாமல் போக வாய்ப்பு குறைவு. எஃப்-ஸ்ட்ரிங்குக்குப் பதில் பழைய ஃபார்மட் முறை என்பது முதல் நாளே சொல்லப்படும்.

ஒவ்வொரு புதிய வசதியும் சேர்ந்த அன்றே ஐந்து கணினிகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்த முறை ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு பென்டிரைவ் போவதற்குள் நான்கு வசதிகள் சேர்ந்துவிட்டன. எது எதை உடைத்தது என்று பிரித்துப் பார்க்கவே நேரம் போனது.

உரைக் கோப்பின் முதல் வரியிலேயே புள்ளியும் கொம்பும் காலும் ஈகாரமும் வரும் ஒரு சோதனை வாக்கியம் வைக்கப்படும். எழுத்துமுறைப் பிழை எதுவானாலும் ஆட்டம் தொடங்கும் முன்பே வெளியே வந்துவிடும்.

தமிழ் எழுத்தின் அழகே முக்கியம் என்று ஒரு குழு நினைத்தால் டெர்மினலை விட்டு உலாவிக்குப் போவதே சரி என்பேன். தமிழைச் சேர்த்து வரைவதில் உலாவிகள் எவ்வளவோ முன்னே போய்விட்டன. பைதானும் கோப்பும் எழுத்துமுறையும் கற்பது நோக்கம் என்றால் டெர்மினல் போதும்.

அடுத்த ஆட்டத்துக்கு ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயை எடுத்திருக்கிறார்கள். 1860இல் தொடங்கி, குமரி வரை போய்ச் சேராமலே நின்றுபோன அந்த நீர்வழியில் வள்ளத்தில் சரக்கு கொண்டுபோவது கதை. அறைகளும் வாசல்களும் தனிக் கோப்பில் இருப்பதால் நிரலில் கை வைக்க வேண்டியதில்லை. பூவாற்றிலிருந்து கிளம்பும் முதல் சில நிறுத்தங்களை இரண்டு மாணவிகளும் இரண்டு எழுத்துகளிலும் எழுதி முடித்திருக்கிறார்கள். அவற்றை ஜெராக்ஸ் கடைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் இனி வேலை.